மலைப் பள்ளிக்கூடத்தில் என்ன ரகசியம்?

"இந்த மலையில என்ன சார் ரகசியம்? யார் வீட்டுல இன்னைக்கு என்ன குழம்புன்னுகூட எல்லாருக்கும் தெரியும்."

பாச்சலூர், பெரியூர், கே.சி.பட்டி, தாண்டிக்குடி என்று கொடைக்கானல் கீழ்மலையில் எங்கே போய் மாணவர் விவரங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இந்தப் பதில் காதில் விழும். ஆசிரியர்கள் சொல்வார்கள், ஆய்வுக்கு வரும் அலுவலர் சொல்வார், பெற்றோரும் சிரித்துக்கொண்டே ஆமோதிப்பார்கள். காபியும் மிளகும் மலைவாழையும் விளைகிற பூமி. ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு, பரப்பலாறு அணை வழியாக ஏறிவரும் பஸ்ஸில் புது முகம் ஒன்று இறங்கினால் ஊரே திரும்பிப் பார்க்கும். இப்படிப்பட்ட இடத்தில் தகவல் பாதுகாப்பு என்பது பட்டணத்துக் கம்பெனிகளின் கவலை என்று நினைப்பதில் வியப்பில்லை.

அந்த நினைப்பு தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். அது வெறும் அறியாமையாக இருந்திருந்தால் விட்டுவிடலாம். ஆனால் அதன் பலனை அனுபவிப்பவர்கள் பிள்ளைகள். வாயைத் திறந்து முறையிட முடியாத பிள்ளைகள். 'இங்கே என்ன இருக்கிறது' என்ற எண்ணம் ஊறிப்போனதால்தான், பள்ளிக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட யாரும் சொல்வதில்லை.

ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். கலந்தாய்வில் மலையை எடுத்துக்கொண்டு ஓர் இளம் ஆசிரியை பணியில் சேர வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்ததற்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறார். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அடைமழையில் மண் சரியும் இடம் எது, காட்டெருமை நிற்கும் வளைவு எது, வாடகைக்கு யாரிடம் வீடு கேட்கலாம் என்பதெல்லாம் அக்கறையோடு சொல்லப்படுகிறது. பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வெளியே வருகிறது. பள்ளியின் யூசர்நேம், பாஸ்வேர்ட். "எமிஸ் வேலை கொஞ்சம் நிலுவையில இருக்கு டீச்சர். நீங்க சின்ன வயசு, சட்டுன்னு முடிச்சிருவீங்க." வாட்ஸ்அப் குரூப்பில் அவருடைய எண்ணைச் சேர்க்கிறார்கள். பொறுப்பு ஒப்படைப்பு அத்துடன் முடிந்தது.

அதே பாஸ்வேர்ட் சுவரில் தொங்கும் காலண்டரின் பின்பக்கத்திலும் எழுதியிருக்கும். மாறுதலாகிப் போன ஆசிரியருக்கு அது தெரியும். தொகுப்பூதியத்தில் ஓராண்டு இருந்துவிட்டுப் போனவருக்குத் தெரியும். டவர் கிடைக்காத நாளில் பதிவேற்றிக் கொடுத்த நெட் சென்டர் தம்பிக்கும் தெரியும். இது ஏதோ ஒரு பள்ளியின் கதை என்று யாரும் ஒதுங்கிவிட முடியாது. தமிழ்நாட்டின் ஆசிரியர் எவரும் இதைப் படித்துவிட்டுத் தம் பள்ளியின் காலண்டரை நினைத்துக்கொள்வார்.

அந்தச் சீட்டு எதைத் திறக்கிறது? எமிஸ் என்று நாம் சொல்லும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்குப் பின்னால் பெயர், பிறந்த தேதி, ஆதார், சாதி, மதம், வீட்டு முகவரி, தாய் தந்தையின் தொழில், வருமானம், கைபேசி எண், உயரம், எடை, ரத்த வகை, மாற்றுத்திறன் இருந்தால் அதன் வகை, தாயோ தந்தையோ இல்லையென்றால் அந்த விவரம், பள்ளியை விட்டு நின்றிருந்தால் அதன் காரணம் எல்லாம் இருக்கின்றன. கீழ்மலையில் எந்த வீட்டுக்காரரும் தம் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி இத்தனை விவரம் அறியமாட்டார். ஊருக்கு எல்லாம் தெரியும் என்பது ஊரின் பெருமிதம், அவ்வளவுதான். உண்மையில் ஊருக்குத் தெரிந்தது கொஞ்சம். பதிவேட்டுக்குத் தெரிந்தது மிக அதிகம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஊருக்குத் தெரிந்தது ஊருக்குள்ளேயே இருக்கும். அதற்கு உறவு உண்டு, கூச்சம் உண்டு, நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற எண்ணம் உண்டு. எக்செல் ஷீட்டுக்கு அதெல்லாம் கிடையாது. ஒரு முறை 'ஃபார்வர்ட்' ஆகிவிட்டால் பாச்சலூரிலிருந்து ஒட்டன்சத்திரம், அங்கிருந்து திண்டுக்கல், அங்கிருந்து சென்னையில் யாரோ ஒரு ஏஜென்ட் என்று போய்க்கொண்டே இருக்கும். பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே தனியார் கல்லூரிகளிலிருந்து போன் வராத வீடு தமிழ்நாட்டில் குறைவு. "உங்க பொண்ணு கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்தானே சார்?" என்று முன்பின் தெரியாத குரல் கேட்கிறதே, அந்த எண்ணும் அந்தக் குரூப்பும் எங்கிருந்து போயின? வானத்திலிருந்து விழவில்லை. ஏதோ ஒரு மேஜையில், ஏதோ ஒரு நல்ல மனிதர், 'லிஸ்ட்தானே, கேக்குறாங்க, கொடுத்துடுவோம்' என்று கொடுத்திருக்கிறார். கொடுக்கக் கூடாது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

ரகசியம் இல்லை என்பவர்கள் அடுத்து எடுத்து வைக்கும் வாதம் சாதி. "யார் என்ன ஆளுங்கன்னு ஊருக்கே தெரியும், இதுல மறைக்க என்ன இருக்கு?" கேட்கும்போதே எனக்குக் கோபம் வரும் வாதம் இது. ஊருக்குத் தெரிந்திருப்பதும், வகுப்பறையில் ஆசிரியர் வாயால் அறிவிக்கப்படுவதும் ஒன்றாகிவிடுமா? "எஸ்.டி. ஸ்காலர்ஷிப் பசங்கள்லாம் எந்திரிங்க, பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ் யாரெல்லாம் இன்னும் கொடுக்கல?" என்று ஓர் ஆசிரியர் கேட்கிறார். நாலு பிள்ளைகள் தயங்கித் தயங்கி எழுந்து நிற்கிறார்கள். மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பளியர் பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து காட்டு வழியே நடந்து வந்து படிக்கும் பிள்ளைக்கு, தான் யார் என்பது அந்தக் கணத்தில் அரசாங்கத்தின் குரலில் அறிவிக்கப்பட்டுவிடுகிறது. அடுத்த நாள் அந்தப் பிள்ளை வரவில்லையென்றால் வருகைப் பதிவேட்டில் ஒரு 'ஆ' விழும். காரணம் எங்கும் எழுதப்படாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதையடுத்து ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் முதலமைச்சரிடம் கொடுக்கப்பட்ட அந்த அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று, வருகைப் பதிவேட்டில் சாதியைக் காட்டும் எந்தப் பத்தியும் குறிப்பும் இருக்கக் கூடாது என்பது. சாதியைச் சுட்டி மாணவரை நேராகவோ மறைமுகமாகவோ அழைக்கக் கூடாது என்றும் அது சொன்னது. தகவல் பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் கம்ப்யூட்டரை நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கட்டம் போட்ட பழைய காகித நோட்டில் எந்தப் பத்தி இருக்கலாம், எது இருக்கக் கூடாது, எதை உரக்கப் படிக்கலாம், எதைத் தனியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பதும் தகவல் பாதுகாப்புதான். இந்தப் பரிந்துரை வந்தது செய்தித்தாளில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் புதிதாகச் சேரும் ஆசிரியரை உட்காரவைத்து, "ஸ்காலர்ஷிப் விஷயத்தை வகுப்பில் கேட்காதீர்கள், பிள்ளையைத் தனியே அழைத்துக் கேளுங்கள்" என்று சொன்ன பள்ளிகள் எத்தனை இருக்கும்? சொல்லாவிட்டால் அவர் தன் ஆசிரியர் தன்னிடம் எப்படிக் கேட்டாரோ அப்படியே கேட்பார். பழக்கம் அப்படித்தான் தலைமுறை தாண்டுகிறது.

சாதியைவிட மறைவாகக் காக்க வேண்டியவையும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களுக்கு 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்' என்ற வகையில் விண்ணப்பிப்பவர்களில் ஆதரவற்ற குழந்தைகள், எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகள், துப்புரவுத் தொழிலாளர் குழந்தைகள் எல்லாம் அடக்கம். விண்ணப்பத்தில் போடும் ஒரு டிக், ஒரு குடும்பத்தின் மொத்த வாழ்க்கை. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கும் செய்தியை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடுவதைத் தடை செய்கிறது. அந்த விண்ணப்பக் கட்டைக் கையில் வாங்கும் புது கிளார்க்குக்கு இது தெரியுமா? ஜெராக்ஸ் எடுக்கக் கடைப் பையனிடம் அந்தக் கட்டை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது என்று அவரிடம் யார் சொன்னார்கள்?

இனி, தகவல் என்றால் மறைப்பது மட்டும் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். விவரத்தைச் சரியாக எழுதுவதும் அதே பொறுப்பின் மறுபாதி. மலையில் அதுதான் பெரிய பாதியும்கூட.

தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலைப் பாருங்கள். பழனி மலையின் பளியர்களைக் குறிக்கும் பெயர் ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக, மூன்று தனித்தனி வரிகளாக அதில் இடம்பெற்றிருக்கிறது. புதிதாக வந்தவருக்கு இது தெரியாது. அண்ணனுக்கு ஒரு வரியைத் தேர்ந்தெடுத்திருப்பார் பழைய ஆசிரியர். தம்பிக்கு இன்னொரு வரியைத் தேர்ந்தெடுப்பார் புதியவர். கண்ணுக்குச் சிறிய வேறுபாடு. ஆனால் பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் கொடுப்பவர் கோட்டாட்சியர். அவர் மேஜையில் இரண்டு காகிதங்களும் ஒத்துப்போகாவிட்டால் கோப்பு திரும்பி வரும். காபித் தோட்டத்துக் கூலியை விட்டுவிட்டு அந்தத் தகப்பன் மறுபடியும் பஸ் ஏற வேண்டும். ஒருவேளை மூன்றாம் முறையும்.

பிறந்த தேதியும் அப்படித்தான். வீட்டில் பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லையென்றால் சேர்க்கைக்குத் தோதாக ஒரு தேதியை எழுதிக்கொள்ளும் வழக்கம் நாடறிந்தது. சேர்க்கைப் பதிவேட்டில் விழும் அந்தத் தேதி மாற்றுச் சான்றிதழுக்குப் போகும். அங்கிருந்து பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழுக்குப் போகும். அதன்பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. இனிஷியலில் ஒரு எழுத்து மாறினால் வங்கிக் கணக்கும் ஆதாரும் ஒத்துப்போகாது, உதவித்தொகை நின்றுவிடும். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்க வேண்டுமானால் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்ததற்குப் பதிவு வேண்டும். டவர் தேடி மேட்டில் நின்றுகொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்ற அவசரத்தில் ஒருவர் தட்டிய எழுத்து, பத்து வருடம் கழித்து ஒரு பெண்பிள்ளையின் கல்லூரிப் படிப்பில் வந்து நிற்கும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் விவரம் சரியாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டியது அதை வைத்திருப்பவரின் கடமை என்கிறது.

ஆதார் விஷயத்திலும் இதே கதைதான். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பளித்துவிட்டது. இன்றைக்கும், "ஆதார் எடுத்துட்டு வாங்க, அப்பத்தான் சேர்க்க முடியும்" என்று ஒரு புது ஆள் சொன்னால் மலைக்குடும்பம் திரும்பிப் போய்விடும். எதிர்த்துப் பேசும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. அந்தப் புது ஆளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? கம்ப்யூட்டரில் ஆதார் கட்டம் காலியாக இருந்தால் சிவப்பாகத் தெரிகிறது. சிவப்பைத்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தீர்ப்பைச் சொல்லவில்லை.

"இதெல்லாம் சரி, பாதுகாப்பு என்பது சர்வர் வைத்திருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது, நாம் என்ன செய்ய முடியும்" என்ற பேச்சும் பரவலாக இருக்கிறது. நடந்ததைப் பார்ப்போம். 2024 டிசம்பரில் அமெரிக்காவில் பவர்ஸ்கூல் என்ற நிறுவனத்தின் பள்ளித் தகவல் அமைப்பிலிருந்து 6 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் விவரங்கள் களவு போயின. களவாடியவர் 19 வயதுக் கல்லூரி மாணவர். ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் யூசர்நேமும் பாஸ்வேர்டும் அவர் கையில் இருந்தன. கதவு தானாகத் திறந்தது. இங்கிலாந்தின் தகவல் ஆணையர் அலுவலகம் அங்குள்ள கல்வி நிறுவனங்களுக்கு உள்ளிருந்தே நிகழ்ந்த 215 தகவல் மீறல்களை ஆராய்ந்து, முடிவுகளை 2025இல் வெளியிட்டது. 57 விழுக்காடு மாணவர்களே செய்தவை. நுட்பமான தொழில்நுட்பம் தேவைப்பட்டவை 5 விழுக்காடு மட்டும். மற்றவற்றில் பெரும்பாலும் ஊகித்த பாஸ்வேர்ட், பூட்டாமல் விட்ட கம்ப்யூட்டர், தேவையில்லாதவர் பார்த்த கோப்பு. நம் நாட்டின் திக்ஷா என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் பூட்டப்படாத சர்வரில் கிடந்ததை 2023 ஜனவரியில் 'வயர்டு' இதழ் வெளிப்படுத்தியது. அங்கே தவறு சர்வர்காரர்களுடையது, மறுக்கவில்லை. ஆனால் அவர்களும் ஒரு நாள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்தானே.

சுற்றறிக்கை அனுப்பிவிட்டோமே என்பார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் பி.டி.எஃப். வரும். அதன் தலைமாட்டில் 'மிக அவசரம்' என்றிருக்கும். கீழே வரிசையாகக் கட்டைவிரல் உயர்ந்த படங்கள் விழும். பள்ளியில் ஒரு நோட்டில் 'படித்து அறிந்தேன்' என்று எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். கையெழுத்து மேலே இருப்பவரைக் காப்பாற்றும். பிள்ளையைக் காப்பாற்றாது.

நம் ஆசிரியர்களுக்கு ரகசியம் காக்கத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தேர்தல் பணிக்குப் போகும்போது மூன்று கட்டமாகப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. வாக்கின் ரகசியத்தைக் காக்க வேண்டும், மீறினால் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 128ஆம் பிரிவில் தண்டனை உண்டு என்று சொல்லித்தருகிறார்கள். யார் யாருக்குப் போட்டார்கள் என்று தன் மனைவியிடம்கூட மூச்சுவிடாத வாக்குச்சாவடி அலுவலர்களை நான் அறிவேன். பொதுத்தேர்வு வினாத்தாள் கட்டுக்காப்பு மையத்துக்கு வந்தால் முத்திரை, பூட்டு, போலீஸ் காவல், எத்தனை மணிக்கு யார் முன்னிலையில் உறை பிரிக்கப்பட்டது என்ற பதிவு. நேற்றுச் சேர்ந்த ஆசிரியருக்கும் அந்த உறையின் கனம் தெரியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போகும்போது, படிவத்தில் எழுதியதை வெளியே சொல்லக் கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லப்படுகிறது. 1948ஆம் ஆண்டின் சட்டம் அந்தப் படிவங்களை யாரும் பார்வையிடக் கேட்க முடியாதபடி காக்கிறது. 2027 கணக்கெடுப்புக்கும் இதே ஆசிரியர்கள் மலை ஏறிப் போகப்போகிறார்கள்.

ஆக, அரசின் வாக்குப் பெட்டிக்கும், அரசின் வினாத்தாளுக்கும், அரசின் கணக்குக்கும் சொல்லித்தரப்படும் காவல், அரசுப் பள்ளியின் பிள்ளைக்குச் சொல்லித்தரப்படவில்லை. இதே மனிதர், இதே கை. முன்னதில் நடுக்கத்தோடு இருக்கும் கை பின்னதில் தாராளமாக இருப்பதற்குக் காரணம், எது முக்கியம் என்று நாம் அவருக்குக் காட்டிவிட்டதுதான்.

ஆசிரியர்களின் சுமையை நான் மறக்கவில்லை. கற்பித்தலுக்கு நேரமில்லை, எமிஸ் பதிவேற்றத்திலிருந்து விடுவியுங்கள் என்று ஆசிரியர் இயக்கங்கள் போராடி வருவது நியாயமானது. அந்தக் கோரிக்கைக்கு எதிராக இந்தக் கட்டுரையை எவரும் காட்ட வேண்டாம். கேட்கப்படும் விவரத்தில் பாதி எதற்கென்றே கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. தேவையற்றதைக் கேட்காமலிருப்பதுதான் முதல் பாதுகாப்பு. ஒரே விவரத்தை எமிஸில் ஏற்றியபின் அதையே கூகுள் ஷீட்டிலும், அதையே வாட்ஸ்அப்பிலும் கேட்கும் அலுவலகங்கள் முதலில் திருந்த வேண்டும். ஆனால் பதிவேற்றம் வெளியாளிடம் போய்விட்டால் பொறுப்பும் போய்விடும் என்று நினைப்பது சரியில்லை. ஹைடெக் லேபுக்கு ஒப்பந்தத்தில் வரும் பணியாளர், காலை உணவுத் திட்டத்தில் எண்ணிக்கை ஏற்றுபவர், தன்னார்வலர், பயிற்சிக்கு வரும் பி.எட். மாணவர் என்று பிள்ளைகளின் விவரம் தொடும் கைகள் கூடிக்கொண்டேதான் இருக்கின்றன. இவர்களில் பெரும்பாலோர் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் அழைக்கப்படாதவர்கள்.

நோட்டும் பேனாவும் கொடுக்க மலையேறி வரும் நல்ல உள்ளங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். பழங்குடிப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்து, பெயரும் ஊரும் 'தந்தையை இழந்த' என்ற அடைமொழியும் சேர்த்து முகநூலில் போடுகிறார்கள். கூடவே நின்று சிரிப்பவர் அந்தப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர். வேண்டாம் என்று சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்பது அவருக்குத் தெரியாது. பாலியல் தொல்லைக்கு ஆளான பிள்ளை என்றால் நிலைமை இன்னும் கடுமை. பெயர், படம், பள்ளி, குடும்பம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதைப் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும், இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் தடுக்கின்றன. பிந்தையது பத்திரிகையோடு நிற்காமல் பிற தகவல் தொடர்பு வடிவங்களையும் சேர்த்தே சொல்கிறது. ஆசிரியர் குரூப்பில், "நம்ம ஸ்கூல் புள்ளைதானா இது?" என்று ஒரு படத்தைப் போடுவதற்குமுன் இது தெரிந்திருக்க வேண்டாமா?

புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. 18 வயது நிரம்பாத எவரும் அதன்படி குழந்தை. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் என்கிறது. இந்தத் தொகையைச் சொல்லிப் புது ஆசிரியரை மிரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மிரண்டவர் தவறை மறைப்பார். மெமோ வரும், 17 பி ஒழுங்கு நடவடிக்கை வரும் என்ற பயத்தில் தொலைந்த பென்டிரைவைப் பற்றி வாய் திறக்கமாட்டார். அந்த மௌனத்தில்தான் சேதம் பெருகும்.

தேவைப்படுவது ஓர் அரைமணி நேரப் பேச்சு. தலைமையாசிரியர் தம் வாயால், தமிழில், வந்த முதல் நாளே பேச வேண்டிய பேச்சு. ஏறத்தாழ இப்படி:

"டீச்சர், இந்தப் பதிவேட்டுல இருக்கிறது பள்ளிக்கூடத்துச் சொத்து இல்ல. அந்தப் பிள்ளைங்களோடது. நம்மகிட்ட நம்பிக் கொடுத்திருக்காங்க. உங்களுக்குன்னு தனி பாஸ்வேர்ட் வச்சுக்கங்க, என்கிட்டகூடச் சொல்ல வேண்டாம். நெட் இல்லைன்னா நாளைக்கு ஏத்திக்கலாம், வெளியாள்கிட்ட கொடுக்காதீங்க. லேட்டுன்னு கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். காலேஜ்காரங்க, கட்சிக்காரங்க, சங்கத்துக்காரங்க யார் வந்து லிஸ்ட் கேட்டாலும், 'எழுத்துல கேளுங்க, ஹெச்.எம். கையெழுத்து இல்லாம தர மாட்டோம்'னு சொல்லிடுங்க. ஸ்காலர்ஷிப் விஷயமா பிள்ளையைத் தனியா கூப்பிட்டுப் பேசுங்க. தேதி, இனிஷியல், சாதிப் பேரு மூணையும் காகிதத்தைப் பார்த்து எழுதுங்க, கேட்டு எழுதாதீங்க. எழுதினதை அந்த அம்மா அப்பாவுக்கு ஒருதரம் வாசிச்சுக் காட்டுங்க. ஏதாவது தப்பு நடந்துபோச்சுன்னா அன்னைக்கே என்கிட்ட வந்து சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

இதற்குப் பயிற்சி மையம் வேண்டாம், புரொஜெக்டர் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். கடைசி பஸ் நேரத்தைச் சொல்லும் அதே அக்கறை போதும். இதைச் சொல்லும் தலைமையாசிரியருக்கு முதலில் சொல்லித்தர வேண்டியவர்கள் வட்டாரக் கல்வி அலுவலர்களும் மாவட்ட அலுவலகமும். ஆய்வுக்கு வரும்போது எமிஸ் எத்தனை விழுக்காடு முடிந்தது என்று கேட்கிறவர்கள், புதிதாக வந்தவருக்கு இதைச் சொன்னீர்களா என்றும் கேட்கட்டும். கேட்கப்படுவதுதான் பள்ளியில் நடக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் கட்டடமும் கழிப்பறையும் பேசி முடித்த பிறகு எழுந்து இரண்டு கேள்வி கேளுங்கள்: எங்கள் பிள்ளைகளின் விவரம் யார் யார் கையில் இருக்கிறது? போன வருடம் வேலையை விட்டுப் போனவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டை மாற்றிவிட்டீர்களா? கேட்பதற்கு நீங்கள் படித்திருக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு உங்களை அந்தக் குழுவில் உட்காரவைத்திருப்பது பள்ளி நடப்பதைக் கண்காணிக்கத்தான்.